டிபி-லிங்க் பவர்லைன் கிட்: கான்கிரீட் வீட்டு மாடியில டெஸ்க்டாப்புக்கு நெட்

வீட்டு கரண்ட் வயர்லயே நெட் அனுப்புற டிபி-லிங்க் டிஎல்-பிஏ7017 கிட் எப்படின்னு மொரீஷியஸ் எபேன்ல கூட வேலை பாக்குற பசங்க கேட்டுக்கிட்டே இருக்காங்க, அதான் எழுதிடறேன். மாடியில வாடகைக்கு இருக்கீங்க, ரூட்டர் கீழ் வீட்டுல இருக்கு, சுவத்துல ஓட்டை போட விடமாட்டாங்கன்னா தாராளமா வாங்கலாம். ஓட்டை போட விடுவாங்கன்னா இதுக்கு காசு செலவு பண்ணாதீங்க, பேசாம கேட்6 நெட்வொர்க் கேபிள் இழுத்துடுங்க, அதுக்கு ஈடா எதுவும் கிடையாது.

மொரீஷியஸ்ல பிரச்சனையே வீடுதான். 1960ல கரோல் புயல் வந்து மரமும் தகரமுமா இருந்த வீடுகளை எல்லாம் அள்ளிட்டுப் போச்சு, அதுக்கப்புறம் ஊரே கான்கிரீட்டுக்கு மாறிடுச்சு. புயலுக்கு நல்லதுதான், வைஃபைக்கு எமன். கம்பி கட்டின தளத்தை தாண்டி 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை மாடிக்கு வரவே வராது, 2.4 வரும், ஆனா ரோஸ்ஹில் மாதிரி நெருக்கமான இடத்துல தெருவே அதுலதான் உக்காந்திருக்கு, ஒண்ணோட ஒண்ணு மோதாத சேனல்னு பாத்தா 1, 6, 11 மூணுதான். இதுல டெஸ்க்டாப் வேற இரும்புப் பெட்டி, மேசைக்கு கீழ சுவத்தோரமா கிடக்கும், அதுக்குப் பின்னாடி சின்ன யூஎஸ்பி வைஃபை டாங்கிள் சொருகினா என்னத்த பிடிக்கும், யூஎஸ்பி 3 போர்ட்டே 2.4ல இரைச்சல் கெளப்பும்ங்கறது தனிக்கதை. நான் முதல்ல வச்சிருந்த டாங்கிள் (பேரு வேண்டாம்) ரிமோட் டெஸ்க்டாப்புல ஆபீஸ் டிராயிங்க திறந்து வச்சா நடுவுல ஃப்ரீஸ் ஆயிரும், மவுஸ் ஒரு இடத்துல நிக்கும் கோடு வேற இடத்துல விழும்.

இந்த கிட்ல ரெண்டு டப்பா வரும். ஒண்ண கீழ ரூட்டர் பக்கத்து சாக்கெட்டுல சொருகி லேன் வயர் குடுக்கணும், இன்னொண்ண மாடியில சொருகி அதுலேர்ந்து டெஸ்க்டாப்புக்கு வயர். நடுவுல வீட்டு கரண்ட் வயர்லயே டேட்டா போகுது, அவ்ளோதான். கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை இது சாதா கேபிள், டிரைவர் தேவையில்ல, லினக்ஸ்லயும் சொருகினதும் ஓடுது. ரெண்டு டப்பாவையும் ஜோடி சேக்கற Pair பட்டனை மட்டும் மறக்காம அமுக்கிடுங்க, பக்கத்து வீட்டுல இதே மாதிரி ஒண்ணு இருந்தா கலந்துடாம 128 பிட் என்கிரிப்ஷனோட தனியா நிக்கும்.

இப்ப ஸ்பீடு. அட்டைப்பெட்டியில 1000ன்னு போட்டிருக்கறத நம்பி கிகாபிட் வரும்னு நினைக்காதீங்க, அது ரெண்டு பக்கமும் சேத்து ஏட்டுக்கணக்கு, எந்த கம்பெனி பவர்லைனா இருந்தாலும் கதை இதுதான். எனக்கு சுமாரா 150 எம்பிபிஎஸ் வருது, என் வேலைக்கு அது போதும், அதைவிட முக்கியம் பிங் (பதில் வந்து சேர்ற நேரம்) ஆடாம நிக்குது. ஆனா கரண்ட் வயர்ல ஓடுறதுனால கரண்ட்ல ஓடுற எல்லாமே இதுக்கு எதிரி, கீழ ஏசியோ மிக்ஸியோ போட்டா கொஞ்சம் இறங்கும். தைப்பூச காவடி லீவு அன்னைக்கு கீழ் வீட்டுல எல்லாரும் கோயிலுக்குப் போயிட்டாங்க, அன்னைக்கு பாத்தா என் டவுன்லோடு பறக்குது. முருகன் அருள்னு கீழ் வீட்டு ஆன்ட்டிகிட்ட சொன்னா, அப்ப தினம் விரதம் இருங்கறாங்க.

ஒரு விஷயம் கண்டிப்பா பாத்துக்கோங்க, மாடிக்கும் கீழுக்கும் சிஇபி (கரண்ட் போர்டு) மீட்டர் தனித்தனியா இருந்தா சிக்னல் ரெண்டு மீட்டரையும் பிரேக்கரையும் தாண்டணும், பெரும்பாலும் சொதப்பிடும், எங்க வீட்டுல ஒரே மீட்டர், அதனால தப்பிச்சேன். அப்புறம் டப்பாவை நேரா சுவத்து சாக்கெட்டுலதான் சொருகணும், நாம பாட்டுக்கு மல்ட்டிப்ளக்ல (எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல) நாலு சார்ஜரோட சேத்து சொருகினா பாதி ஸ்பீடு அங்கயே போச்சு. இந்த மாடல் சாக்கெட்டை முழுசா எடுத்துக்கும், டப்பா மேலயே ஒரு சாக்கெட் வேணும்னா 7017க்குப் பின்னாடி பி எழுத்து வர்ற மாடல் கேளுங்க. பக்கத்து தீவு ரெயூனியனுக்குப் போயிட்டு வர்ற யாராவது வாங்கிட்டு வரேன்னாங்கன்னா வேண்டாம்னுடுங்க, அங்க உருண்டை பின், நம்ம சாக்கெட்டு மூணு சதுரப் பின், இடையில கன்வெர்ட்டர் போட்டா ஆட்டம்.

சொருகியும் நெட் வரலன்னா ஐபி அட்ரஸைப் பாருங்க, 169.254ன்னு ஆரம்பிச்சா ரூட்டர்கிட்ட இருந்து அட்ரஸ் வரல, ரெண்டு டப்பாவும் இன்னும் ஜோடி சேரலன்னு வச்சுக்கோங்க. லிங்க் ஸ்பீடு 100லயே நின்னா வயரை மாத்துங்க, கிகாபிட்டுக்கு உள்ள இருக்கற நாலு ஜோடியும் வேணும், பழைய வயர்ல ஒண்ணு விட்டுப்போயிருக்கும். வைஃபையை ஆஃப் பண்ண வேண்டியதில்ல, விண்டோஸ் தானே கேபிளைத்தான் முதல்ல எடுக்கும்.

உங்க வீட்டு வயரிங்ல எப்படி ஓடும்னு சொருகிப் பாக்காம யாராலயும் சொல்ல முடியாது, அதனால வாங்கும்போதே ஓடலன்னா திருப்பி எடுத்துக்குவீங்களான்னு கேட்டுடுங்க. நான் வாங்கின ரோஸ்ஹில் கடைக்காரர் அட்டைப்பெட்டியும் பில்லும் கிழியாம இருந்தா கோரெக்குன்னாரு, அதாவது சரின்னாரு.