தில்லியில் பாயின்ட் 22 தோட்டா: டெனெக்ஸ் வாங்கலாமா, எஸ்கே போதுமா?

துக்ளகாபாத்தில் உள்ள டாக்டர் கர்ணி சிங் சுடுதளத்தில் 50 மீட்டர் ரைஃபிள் பயிலும் பிள்ளைகளின் பெற்றோர், குறிப்பாக 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஸ்வப்னில் குசாலே முழங்காலிட்டும் படுத்தும் நின்றும் சுடும் மூன்று நிலைப் போட்டியில் வெண்கலம் வென்ற பிறகு, என்னிடம் அடிக்கடி கேட்பது ஒன்றுதான்: எலே நிறுவனத்தின் டெனெக்ஸ் தோட்டா வாங்கிக் கொடுத்தால் புள்ளி கூடுமா? எங்கள் பயிற்சிக் குழுவின் ரைஃபிளைத் தாங்கியில் அசையாமல் வைத்து, டெனெக்ஸ், லாப்புவா சென்டர்-எக்ஸ், எஸ்கே ஸ்டாண்டர்ட் பிளஸ் ஆகிய மூன்றையும், ஒப்பீட்டுக்காகச் சிசிஐ மினி-மேக் என்ற அதிவேகத் தோட்டாவையும் சுட்டுப் பார்த்தோம். பயில்கிறவருக்கு எஸ்கே போதும் என்பது என் முடிவு. ஆனால் எந்த லாட்டை, அதாவது ஒரே தடவையில் தயாரான எந்தத் தொகுதியை, சேர்ந்த எஸ்கே என்பதைப் பார்க்காமல் வாங்கினால் அந்த முடிவுக்குப் பொருளில்லை.

1887 முதல் புழக்கத்தில் இருக்கும், ஏறத்தாழ 0.22 அங்குல விட்டமுள்ள பாயின்ட் 22 லாங் ரைஃபிள் தோட்டாவில், தீப்பற்றும் கலவை பித்தளைக் கூட்டின் அடி விளிம்புக்குள்ளேயே பரப்பப்பட்டிருக்கிறது. ஆகவே சுட்ட கூட்டில் மறுபடி மருந்து நிரப்ப முடியாது. பெரிய தோட்டா ரைஃபிள்களைச் சுடுபவர்கள் மருந்தையும் குண்டையும் தாங்களே நிறுத்து, தங்கள் துப்பாக்கிக்கு ஏற்றபடி தோட்டாவைக் கட்டிக்கொள்கிறார்கள். நமக்கு அந்த வழி அடைபட்டிருப்பதால், தொழிற்சாலை கொடுத்ததில் நம் குழலுக்கு எது பொருந்துகிறது என்று தேடுவது ஒன்றே மிஞ்சுகிறது. விளிம்பின் தடிமன், கலவை பரவிய அளவு, குண்டின் மேலுள்ள மெழுகுப் பூச்சு ஆகியவை ஒரே பெயருள்ள பெட்டிகளிலும் லாட்டுக்கு லாட் சிறிது மாறும். பெட்டியில் அச்சிட்ட லாட் எண்ணை, பெயரைவிடக் கவனமாகப் படிக்கச் சொல்வது அதனால்தான். எலே தன் போட்டித் தோட்டாப் பெட்டிகளில் அந்த லாட்டின் வேகத்தையும் சேர்த்து அச்சிடுகிறது. இது நல்ல பழக்கம், மற்றவர்களும் பின்பற்றலாம்.

சிறிய வேறுபாடு ஏன் பெரிதாகிறது என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. 50 மீட்டர் இலக்கில் பத்துப் புள்ளி வளையத்தின் விட்டம் 10.4 மில்லிமீட்டர். விநாடிக்கு ஏறத்தாழ 327 மீட்டர் வேகத்தில் கிளம்பும் 2.6 கிராம் ஈயக் குண்டு அங்கே போய்ச் சேர்வதற்குள் புவியீர்ப்பால் 12 சென்டிமீட்டர் அளவுக்கு இறங்குகிறது. இரு தோட்டாக்களின் வேகம் விநாடிக்கு 10 மீட்டர் வேறுபட்டால், கை நடுங்காமல் சுட்டாலும், ஒன்று மற்றதைவிட 7 மில்லிமீட்டர் போல மேலேயோ கீழேயோ விழும். பிள்ளை தவறு செய்யாமலே பத்து ஒன்பதாகிவிடும்.

எங்கள் சோதனையில் டெனெக்ஸ் மிகச் சீராக இருந்தது. குண்டுகள் மேலும் கீழும் சிதறாமல் ஒரே துளையைச் சுற்றி விழுந்தன. சென்டர்-எக்ஸ் அதற்கு மிக அருகில் வந்தது. எஸ்கேயில் கிடைத்த இரண்டு லாட்களில் ஒன்று சென்டர்-எக்ஸ் அளவுக்கே நெருக்கமான குரூப், அதாவது குண்டுத் துளைகளின் கூட்டம், தந்தது, மற்றொன்று கண்ணுக்குத் தெரியும்படி அகன்றது. எஸ்கேயும் லாப்புவாவின் பாயின்ட் 22 தோட்டாக்களும் ஜெர்மனியின் ஷோனபெக்கில்தான் தயாராகின்றன என்பதால் முதல் லாட் எனக்கு வியப்பளிக்கவில்லை, இரண்டாவதுதான் பாடம். டெனெக்ஸின் விலை எஸ்கேயைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் ஆகிறது. நிற்கும் நிலையில் எட்டும் ஒன்பதும் சுடுகிற மாணவருக்கு அந்த விலை வித்தியாசம் இலக்கில் தெரியாது. அந்தப் பணத்தில் கூடுதலாகச் சுட்டுப் பழகினால் தெரியும்.

மினி-மேக்கைச் சேர்த்ததற்குக் காரணம், வேகம் கூடினால் நேராகப் போகும் என்ற நம்பிக்கை பலரிடமும் இருப்பது. விநாடிக்கு 376 மீட்டரில் கிளம்பும் இந்தத் தோட்டா ஒலியின் வேகத்தைக் கடந்து புறப்பட்டு, வழியில் அதற்குக் கீழே இறங்குகிறது. அந்த இறக்கத்தில் குண்டு தள்ளாடுகிறது. ஜனவரிக் காலையில் 5 டிகிரியில் ஒலியின் வேகம் 334 மீட்டர், மே மாத நண்பகலில் 44 டிகிரியில் 357 மீட்டர். ஆகவே குளிரில் இலக்கை ஒட்டியும், வெயிலில் ஏறத்தாழப் பாதி வழியிலும் இந்தத் தள்ளாட்டம் நிகழ்கிறது. பக்கக் காற்றிலும் வேகக் குண்டுதான் அதிகம் ஒதுங்கும், ஏனெனில் ஒதுக்கத்தைத் தீர்மானிப்பது பறக்கும் நேரம் அன்று, காற்றின் தடையால் இழந்த நேரம்; வேகக் குண்டு அதை அதிகம் இழக்கிறது. இது தோட்டாவின் குறையன்று. ஆஸ்திரேலியாவிலோ நியூசிலாந்திலோ அனுமதியுடன் முயல் வேட்டையாடுபவருக்கு அருகிலுள்ள விலங்கை உடனே வீழ்த்தும் வேகம் தேவை. வட்டத்துக்குள் வட்டம் தேடுகிற நமக்குத் தேவையில்லை. இங்கே 1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி இன்று பொழுதுபோக்கு வேட்டைக்கு இடமே கிடையாது.

ஆயிரம் கஜத் தூரத்துக்கு 6.5 கிரீட்மூர் தோட்டா நல்லதா, 308 வின்செஸ்டர் தோட்டா நல்லதா என்று இணையத்தில் நடக்கும் வாதங்களைப் படித்துவிட்டு வருகிறவர்களும் உண்டு. 2007இல் ஹார்னடி நிறுவனம் வெளியிட்ட கிரீட்மூரின் நீண்டு மெலிந்த குண்டு அத்தூரத்தில் காற்றுக்குக் குறைவாக வளைந்துகொடுக்கிறது என்பதும், அதன் குழல் 308ஐவிட விரைவில் தேய்கிறது என்பதும் உண்மையே. ஆனால் 308 இராணுவத்தின் 7.62 தோட்டாவுக்கு நெருங்கிய உறவு, அந்த வகை ரைஃபிளுக்கு இங்கே சாதாரணக் குடிமகனுக்கு உரிமம் கிடைப்பதில்லை. பாயின்ட் 22ஐ 50 மீட்டருக்குச் சரிசெய்துவிட்டு அப்படியே 100 மீட்டரில் சுட்டால் குண்டு ஏறத்தாழ ஒரு சாண் கீழே போய் விழும். தூரம் என்ன செய்கிறது என்று கற்க இதுவே தாராளம்.

வாங்கும் முறை குறித்துச் சில வார்த்தைகள். கிடைக்கிற லாட் ஒவ்வொன்றிலும் ஒரு பெட்டி மட்டும் வாங்கி, அதாவது ஐம்பது தோட்டா, சொந்த ரைஃபிளில் பத்துப் பத்தாகச் சுட்டுப் பார்த்து, சிறந்த லாட்டில் உரிம அளவு அனுமதிக்கும் வரை சேர்த்து வாங்க வேண்டும். ஒரு தயாரிப்பிலிருந்து மற்றொன்றுக்கு மாறும்போது, குழலில் பழைய மெழுகு போய்ப் புதியது படிய இருபது முப்பது குண்டுகளாவது தேவைப்படும். அதற்கு முன் எழும் குரூப்பை வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. மே மாதத்தில் பெட்டியைப் பூட்டிய காருக்குள் விட்டால் பூச்சு இளகித் தூசியைப் பிடித்துக்கொள்ளும். மாநில அணித் தேர்வு நெருங்கி, முழங்கால் நிலையிலும் படுத்த நிலையிலும் பத்துகள் வரிசையாக விழத் தொடங்கிவிட்ட பிள்ளைக்கு டெனெக்ஸோ சென்டர்-எக்ஸோ வாங்கிக் கொடுங்கள், அதையும் லாட் பார்த்தே.