4.4 எம்எம் பேலன்ஸ்டு கேபிள் வாங்கப் போறீங்களா? 18,500 ரூபாய் விட்டவன் எழுதுகிறேன்

மொத்தம் 18,500 ரூபாய். ஹெட்போன் கேபிள் 14,000, அடாப்டர் 2,500, பாட்டு கேட்கும் பிளேயருக்கு லெதர் கேஸ் 2,000. மூன்றில் ஒன்றுகூடச் சொன்ன பொருள் இல்லை. கேபிள் என் பிளேயரையும் சேர்த்துக் காவு வாங்கிவிட்டது. விற்றவன் என்னை பிளாக் செய்துவிட்டு நிம்மதியாக இருக்கிறான். சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். இந்த மாதிரிக் கேபிள் வாங்கும்போது என்னென்ன பார்க்கணும் என்பதையும் கடைசியில் விவரமாகப் போடுகிறேன்.

கடைப் பெயர் போடமாட்டேன். இன்ஸ்டாகிராமில் கையாலேயே கேபிள் செய்து விற்கிறோம் என்று சொல்லும் பக்கங்கள் ஏகப்பட்டது இருக்கின்றன, அதில் ஒன்று. கறுப்புத் துணி மேல் கேபிளைச் சுருட்டி வைத்து, பக்கத்தில் நாலு காப்பிக்கொட்டையைத் தூவி போட்டோ எடுப்பார்களே, அந்த ரகம். வாடிக்கையாளர் பாராட்டெல்லாம் ஸ்கிரீன்ஷாட்டாக வரிசை கட்டி நிற்கும். கமெண்ட் மட்டும் மூடியிருக்கும்.

பேலன்ஸ்டு என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்காக முதலில் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், அது புரிந்தால்தான் இவன் செய்த வேலை புரியும். சாதாரண 3.5 எம்எம் பிளக்கில் மூன்று முனை. நுனியில் இடது, நடுவில் வலது, அடியில் இரண்டுக்கும் பொதுவாகக் கிரவுண்ட். பேலன்ஸ்டில் அந்தப் பொதுக் கம்பி கிடையாது. இடதுக்குத் தனி பிளஸ், தனி மைனஸ். வலதுக்கும் அப்படியே. மைனஸ் இரண்டையும் பிளேயருக்குள் இருக்கும் தனித்தனி ஆம்ப்கள் (ஒலியைப் பெருக்கும் சர்க்யூட்டுகள்) ஓட்டுகின்றன. அதனால்தான் ஒரே பிளேயரில் பேலன்ஸ்டு ஜாக்கில் மட்டும் அவ்வளவு பவர் வருகிறது. சோனியின் டபிள்யூஎம்1ஏ வாக்மேனில் 3.5 ஜாக்கில் ஒரு பக்கத்துக்கு 60 மில்லிவாட் என்றால், 4.4 ஜாக்கில் 250.

முன்னாடி இதற்கெல்லாம் ஆஸ்டெல் அண்ட் கெர்ன் பிளேயர்களில் வந்த 2.5 எம்எம் பிளக்தான். தீக்குச்சி கனம், பைக்குள் இடிபட்டால் ஒடிந்துபோகும். 2016-இல் சோனி வாக்மேன்களில் 4.4 வந்தது. மற்ற கம்பெனிகளும் மெல்ல மெல்ல அதற்கே வந்துவிட்டன. அதில் ஐந்து முனை. நுனியிலிருந்து எண்ணினால் இடது பிளஸ், இடது மைனஸ், வலது பிளஸ், வலது மைனஸ், அடியில் கிரவுண்ட். அதாவது இரண்டாவது முனையும் நான்காவது முனையும் மைனஸ். ஹெட்போன் கேபிளுக்குள் இந்த இரண்டும் ஒன்றையொன்று தொடவே கூடாது.

இப்போது நம்ம ஆளுக்கு வருகிறேன்.

மெசேஜ் அனுப்பினேன். உடனே போன் நம்பர் கேட்டு, அவனே கூப்பிட்டான். எனக்கு அப்போதே பிடித்துப்போனது, இந்தக் காலத்தில் எவன் போன் செய்து பேசுகிறான்? என்ன பிளேயர், என்ன ஐஇஎம் (காதுக்குள் சொருகும் இயர்போன்), அதன் கனெக்டர் 2-பின்னா எம்எம்சிஎக்ஸா, பாட்டு எந்த வகை, எல்லாம் பொறுமையாக விசாரித்தான். பழைய தமிழ்ப் பாட்டுகள் அதிகம் கேட்பேன் என்றதும், "அப்போ உங்களுக்குப் பியூர் சில்வர்தான் ப்ரோ, வயலின்லாம் அப்படியே காத்துல நிக்கும்" என்றான்.

நான் 8 கோர், அதாவது எட்டுக் கம்பி முறுக்கிய கேபிள் கேட்டேன். அதன் விலை 22,000. அவன் என்ன சொன்னான் தெரியுமா? "வேண்டாம் ப்ரோ. உங்க ஐஇஎம்முக்கு 4 கோரே தாராளம். வெறும் வெயிட்டுதான் கூடும். காசை மிச்சம் பண்ணி ஒரு நல்ல கேஸ் வாங்கிக்கோங்க." விலை கூடின சரக்கை வேண்டாம் என்று சொல்லும் வியாபாரியை எங்கே பார்த்திருக்கிறீர்கள்? அங்கேதான் விழுந்தேன். இப்போது யோசித்தால் அந்த 8,000 ரூபாயை விட்டுக்கொடுத்துத்தான் 18,500-ஐ அள்ளியிருக்கிறான். கெட்டிக்காரன்.

வெப்சைட்டில் கார்டு போடும் வசதி இருந்தது. "கார்டுன்னா எனக்கு சார்ஜ் பிடிப்பாங்க ப்ரோ, யூபிஐ பண்ணிடுங்க, ஷிப்பிங் ஃப்ரீயா போட்டுத் தரேன்" என்றான். போட்டேன். பில் கேட்டதற்கு "பார்சலுக்குள்ள இருக்கும்". மறுநாள் ஒரு வீடியோ வந்தது. பெரிய லென்ஸ் விளக்கு, ட்வீசர், சால்டரிங் அயர்ன், பிளக்குக்குள் நான்கு கம்பிகளை ஒவ்வொன்றாக வைத்து ஒட்டுகிறார்கள். கூடவே அவன் குரல்: "உங்களோடதுதான் ப்ரோ, இப்போ ஓடிட்டு இருக்கு." அந்த வீடியோவை நண்பர்களுக்கெல்லாம் அனுப்பிப் பெருமைப்பட்டேன் என்பதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

பார்சல் வந்தது. பில் இல்லை. கேஸ் லெதர் அல்ல, ரெக்சின். வால்யூம் பட்டனுக்கு வைத்த ஓட்டை பட்டனுக்கு அரை இன்ச் தள்ளி இருந்தது. அதை விடுங்கள்.

அடாப்டர்தான் அடுத்த கூத்து. 4.4 கேபிளை லேப்டாப்பின் 3.5 ஜாக்கில் போடுவதற்காகக் கேட்டது அது. ஒரு முனையில் 4.4 பெண் ஜாக், மறுமுனையில் 3.5 ஆண் பிளக். அது ஆபத்தில்லாத சமாச்சாரம், இரண்டு மைனஸும் லேப்டாப்பின் கிரவுண்டில் சேரும், அவ்வளவுதான். வந்தது நேர் எதிர். 3.5 பெண், 4.4 ஆண். சாதாரண ஹெட்போனைக் கொண்டுபோய் பேலன்ஸ்டு ஜாக்கில் சொருகும் சாதனம். சாதாரண ஹெட்போன் பிளக்கில் இரண்டு மைனஸும் ஒன்று என்பதால், இரண்டு ஆம்ப்களின் வாயையும் ஒன்றோடொன்று ஷார்ட் செய்துவிடும். எச்சரிக்கைச் சீட்டு ஒன்றும் இல்லை. கேட்டால், "ரெண்டும் ஒண்ணுதான் ப்ரோ, கரண்ட் எந்தப் பக்கமும் போகும்ல?" என்றான். இவனா அன்றைக்கு ஒரு மணி நேரம் ஆடியோ பாடம் நடத்தினவன்!

கேபிளைப் போட்டுக் கேட்டேன். பாடகர் குரல் நன்றாகவே இருந்தது. ஆனால் வயலின்கள் ஒரு பக்கமும் கிட்டார் மறுபக்கமும் பிரிந்து வரும் எண்பதுகளின் பாட்டுகளில் இரண்டு ஓரமும் கரகரவென்று கிழிந்தன. சொன்னேன். "புது சில்வர் ப்ரோ, பர்ன்-இன் ஆகணும். ஒரு 100 மணி நேரம் ஓட விடுங்க, தேன் மாதிரி இறங்கும்." ஓட விட்டேன். ஜாக் இருக்கும் பக்கம் பிளேயர் சுடுகிறது, பேட்டரி மளமளவென இறங்குகிறது. திரும்பச் சொன்னேன். "உங்க பிளேயர் பழசு ப்ரோ, அதுலதான் ப்ராப்ளம்." ஒரு ராத்திரி இடது பக்கம் சட்டென்று அடங்கியது. பழைய 4.4 கேபிளை மாற்றிப் போட்டாலும் இடதில் இரைச்சல் மட்டும்தான். 3.5 ஜாக்கில் மட்டும் பாடுகிறது. என்ன சத்தத்துக்காக இந்தப் பிளேயரை வாங்கினேனோ அது போய்விட்டது. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் ரிப்பேர் கடையில் காட்டினேன். "அவுட்புட் ஐசி போயிருக்கும் சார், இவ்ளோ பொடி போர்டுல நாங்க கை வைக்க மாட்டோம்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகுதான் மல்டிமீட்டரை எடுத்தேன். இரண்டாவது முனையில் ஒரு ஊசி, நான்காவதில் ஒரு ஊசி. பீப்ப்ப் என்று நிற்காமல் கத்தியது, அதாவது இரண்டும் உள்ளே தொடுகின்றன. பிளக்கின் உறையைத் திருகிக் கழற்றினேன். உள்ளே மூன்றே மூன்று கம்பி. இடது பிளஸுக்கு ஒன்று, வலது பிளஸுக்கு ஒன்று. மூன்றாவது இரண்டாம் முனையில் ஒட்டியிருந்தது, அங்கிருந்து நான்காம் முனைக்கு நகம் அளவு கம்பித்துண்டு ஒன்றைப் பாலமாகப் போட்டு மேலே ஈயத்தைக் கொட்டியிருந்தான். வீடியோவில் நான்கு கம்பி, என் கையில் மூன்று. மலிவான 3.5 கேபிள் ஒன்றின் தலையை வெட்டிவிட்டு 4.4 தலையை ஒட்ட வைத்திருக்கிறான், வேறொன்றுமில்லை.

குரல் ஏன் நன்றாக இருந்தது என்பதும் அப்போது விளங்கிற்று. நடுவில் ஒலிக்கும் குரல் இரண்டு சேனலிலும் ஒரே அளவு வருகிறது. அதனால் இரண்டு மைனஸும் ஒரே வோல்டேஜில் இருக்கும், சண்டை வராது. இடமும் வலமும் வேறு வேறாக வாசித்தால் ஒரு ஆம்ப் மேலே தள்ளும், இன்னொன்று கீழே இழுக்கும். நடுவில் அந்தப் பாலம். சூடு அங்கிருந்துதான். 100 மணி நேரம் ஓட விடச் சொன்னானே பாவி, அத்தனை நேரமும் என் பிளேயரை நானே பொசுக்கிக்கொண்டிருக்கும்படி சொல்லியிருக்கிறான்.

பியூர் சில்வர் கதையையும் முடித்துவிடுகிறேன். தெரிந்த நகை ஆசாரி ஒருவரிடம் கம்பியைக் காட்டினேன். லென்ஸைக் கண்ணில் வைத்துக்கொண்டு கத்தி முனையால் ஒரு சுரண்டு. வெள்ளைத் தோலுக்கு அடியில் செக்கச்செவேல் என்று செம்பு. "முலாம் தம்பி. யாரு வெள்ளின்னு குடுத்தது?" என்று சிரித்தார். வெள்ளி முலாம் பூசிய செம்புக் கேபிளில் ஒரு தப்பும் இல்லை, நல்ல கேபிள்கள் பலவும் அதுதான். உண்மையில் சுத்த வெள்ளியே செம்பைவிட ஏறக்குறைய 6 சதவீதம்தான் கூடுதலாக மின்சாரம் கடத்தும். ஆனால் முலாமை வெள்ளி என்று சொல்லி 14,000 வாங்குவதற்கு என்ன பெயர்?

படம் எடுத்து எல்லாவற்றையும் அனுப்பினேன். பதில்: "பிளக்கை ஓப்பன் பண்ணிட்டீங்க சார். வாரண்டி வாய்ட்." அதுவரை ப்ரோவாக இருந்த நான் சார் ஆகிவிட்டேன். பிளக்கைத் திறக்காமல் உள்ளே இருக்கும் பாலத்தை எப்படிப் பார்ப்பதாம்? பணத்தைக் கேட்டேன். "கஸ்டம் பீஸுக்கு ரிட்டர்ன் கிடையாது சார், பாலிசி பேஜ்ல இருக்கு." போய்ப் பார்த்தால் அப்படி ஒரு பக்கமே இல்லை. "டெக் டீம் கால் பண்ணுவாங்க" என்றான். ஒரு சாயங்காலம் டெக் டீம் கூப்பிட்டது, அதே குரல், பின்னால் அதே நாய் குரைக்கிறது. நாய் பெயரைக்கூடச் சொல்லி அதட்டினான் என்றால் பாருங்கள். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. "கேபிளை அனுப்புங்க, செக் பண்ணிச் சொல்றோம், ரெண்டு பக்கக் கூரியரும் உங்க செலவு." பிளேயர் போனதற்கு என்ன பதில் என்றேன். போனை வைத்துவிட்டான். அடுத்த நாள் காலையில் அந்த இன்ஸ்டாகிராம் பக்கம் என் கண்ணுக்கே தெரியவில்லை. மனைவி போனில் தேடினால் ஜம்மென்று இருக்கிறது.

பேங்கில் கேட்டேன். பணம் நீங்களாகவே போட்டது, சரியான ஆளுக்குத்தான் போயிருக்கிறது, யூபிஐயில் இதைத் திருப்ப வழியில்லை என்றார்கள். கார்டில் போட்டிருந்தால் சார்ஜ்பேக், அதாவது பேங்க் மூலம் பணத்தைத் திருப்பித் தரச் சொல்லிக் கேட்டிருக்கலாம். அந்த ஃப்ரீ ஷிப்பிங்கின் விலை 18,500 ரூபாய்.

விவரமாக எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன், டைப் அடிக்க அடிக்க ஆத்திரம்தான் ஏறுகிறது. அவசரமாகச் சிலது சொல்லிவிடுகிறேன்.

எவன் எவ்வளவு அன்பாகப் பேசினாலும் தனி நம்பருக்கு யூபிஐ போடாதீர்கள். கார்டு, இல்லையென்றால் பொருளைப் பார்த்துப் பணம்.

எந்த 4.4 கேபிள் வந்தாலும் பிளேயரில் சொருகும் முன் மல்டிமீட்டர் வையுங்கள். 300 ரூபாய் மீட்டர் போதும். இரண்டாவது முனைக்கும் நான்காவது முனைக்கும் நடுவே பீப் வந்தால் தொடவே தொடாதீர்கள். 2.5 பிளக்கில் வரிசை வேறு, நுனியும் அடிமுனையும்தான் மைனஸ், அதில் அந்த இரண்டையும் பாருங்கள்.

3.5 பெண், 4.4 ஆண் அடாப்டரை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

பார்சல் பிரிப்பதை வீடியோ எடுங்கள். ஜிஎஸ்டி பில் இல்லையா, ஆர்டரே வேண்டாம்.

கேபிள் புதிதாக இருக்கும்போது பிளேயர் சுட்டால் அது பர்ன்-இன் இல்லை. உடனே பிடுங்குங்கள்.

நான் 1915-இல், தேசிய நுகர்வோர் உதவி எண்ணில், புகார் பதிந்துவிட்டேன். ஆன்லைனில் விற்பவர்கள் புகார் வந்த 48 மணி நேரத்துக்குள் ஒப்புகை தரவேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்கவேண்டும் என்று 2020-ஆம் வருட இ-காமர்ஸ் நுகர்வோர் விதிகளில் இருக்கிறது. இவனிடம் புகாரை வாங்கக்கூட ஆள் இல்லை, இருப்பது அந்த டெக் டீம்தான். மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் புகார் கட்டணம் கிடையாது. பிளக், பாலம், சுரண்டின கம்பி, வீடியோ எல்லாம் ஒரு கவரில் போட்டு வைத்திருக்கிறேன். 18,500-ஓடு பிளேயர் நஷ்டத்தையும் சேர்த்துத்தான் கேட்கப்போகிறேன்.