குளோரினா, யூவியா: சென்னைக் கழிவுநீருக்கு எதை நம்பலாம்?

கோயம்பேட்டில் சுத்திகரித்த கழிவுநீர் கூவத்தில் சேர்கிறது. நெசப்பாக்கத்து நீர் அடையாற்றுக்கும், பெருங்குடி நீர் பள்ளிக்கரணைப் பக்கமும் போகிறது. தெளிவாக இருக்கிறது, நாற்றமும் குறைந்திருக்கிறது என்பதற்காக அதைச் சுத்தமான நீர் என்று சொல்லிவிட முடியாது. நுண்ணுயிர்களைக் கொண்டு கழிவைச் சிதைக்கும் இரண்டாம் நிலைச் சுத்திகரிப்பு முடிந்த பிறகும் 100 மில்லி நீரில், மலம் கலந்ததற்கு அடையாளமான மலக் கோலிபார்ம் கிருமிகள் லட்சக்கணக்கில் இருப்பது சாதாரணம். 2017-ல் மத்திய அரசு வைத்த வரம்பு 1,000. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019-ல் அதை 230 ஆக இறுக்கியது. 10 லட்சத்திலிருந்து 230-க்கு இறங்குவதென்றால், 10,000 கிருமிகளில் இரண்டுக்கு மேல் மிஞ்சக் கூடாது.

இந்தக் கடைசி வேலையைக் குளோரினிடம் கொடுப்பதா, புற ஊதா (யூவி) விளக்கிடம் கொடுப்பதா? என் கட்சி யூவி. ஆனால் அதற்கு முன்னால் நல்ல வடிகட்டி இருக்க வேண்டும். வடிகட்டி இல்லாத இடத்தில் யூவி வாங்குவது பண விரயம்.

குளோரின் பழகிய பொருள். விலை குறைவு, போடத் தெரிந்தவர்கள் எல்லா நிலையத்திலும் இருக்கிறார்கள், குழாயில் போகும்போதும் கொஞ்சம் மிஞ்சி நின்று காவல் காக்கும். சிக்கல் அம்மோனியாவில் தொடங்குகிறது. கழிவுநீரில் அம்மோனியா மிஞ்சியிருந்தால் குளோரின் அதோடு சேர்ந்து குளோரமைனாகிவிடும். அது மந்தமாகத்தான் கிருமியைக் கொல்லும். லிட்டருக்கு 10 மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜன் இருந்தால், அதைத் தாண்டித் தனிக் குளோரின் (எதோடும் சேராத, வீரியமுள்ள குளோரின்) நிற்பதற்கு ஏட்டுக் கணக்கிலேயே 76 மில்லிகிராம் குளோரின் வேண்டும். அவ்வளவு யாரும் ஊற்றப் போவதில்லை.

கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி குளோரினுக்கு அசைந்து கொடுப்பதே இல்லை. 1993-ல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரத்தில் குளோரின் கலந்த குடிநீரைக் குடித்தே சுமார் 4 லட்சம் பேர் அதனால் நோயில் விழுந்தார்கள்.

நம் ஊருக்கென்று இன்னொரு கவலையும் உண்டு. மீஞ்சூர், நெம்மேலி ஆலைகளில் உப்பு நீக்கிய கடல்நீரில், கடலுப்போடு வரும் புரோமைடு கொஞ்சம் மிஞ்சியிருக்கும். கடல்நீர் ஏறிய கடலோரக் கிணறுகளிலும் அது உண்டு. எல்லாம் கடைசியில் சாக்கடைக்குத்தான் வருகிறது. குளோரின் பட்டால் புரோமின் கலந்த துணைவிளைபொருள்கள் உருவாகும். அவற்றில் சில குளோரின் மட்டும் கலந்தவற்றைவிட நச்சு மிகுந்தவை. சதுப்புநிலத்தில் விடுகிற நீரென்றால், மிச்சக் குளோரின் மீனைக் கொல்லாமலிருக்க அதை நீக்க இன்னொரு ரசாயனம் போட வேண்டும். வீடுகள் நெருங்கிய இடத்தில் 900 கிலோ குளோரின் வாயு அடைத்த டன்னர்களை (பெரிய உருளைகளை) வைத்திருப்பது எனக்குச் சம்மதமில்லை. ஹைப்போவுக்கு (திரவமாக வரும் சோடியம் ஹைப்போகுளோரைட்டுக்கு) மாறினால் அந்தப் பயம் குறையும், ஆனால் நம் வெயிலில் அதன் வீரியம் சீக்கிரம் இறங்கிவிடும்.

ஓசோன் நிறத்தையும் வாடையையும் சேர்த்தே எடுக்கும். ஆனால் அதே புரோமைடை அது புரோமேட் என்ற நச்சுப் பொருளாக்கிவிடும், மின்சாரமும் கூடுதல். பொது நிலையத்துக்கு அது என் முதல் தேர்வாக இருக்காது.

யூவியில் நடப்பது வேறு. 254 நானோமீட்டர் ஒளி கிருமியின் டிஎன்ஏவைச் சிதைக்கிறது; அது பெருக முடியாமல் போகிறது. குளோரினுக்கு அரை மணி நேரம் தேவைப்படும் இடத்தில் இதற்குச் சில விநாடி போதும். கிரிப்டோஸ்போரிடியத்தை 99.9 சதவீதம் முடக்கச் சதுர சென்டிமீட்டருக்கு 12 மில்லிஜூல் ஒளி அளவு போதும். அடினோவைரஸ்தான் முரடு: 99.99 சதவீதத்துக்கு 186 மில்லிஜூல் வேண்டும். அந்த வைரஸோ தனிக் குளோரினிடம் எளிதில் மடியும். ஆளுக்கொரு பலவீனம் இருக்கிறது.

யூவியின் தலையெழுத்தைத் தீர்மானிப்பது நீரின் ஒளி ஊடுருவல். 1 சென்டிமீட்டர் நீரைத் தாண்டி 65 சதவீத ஒளி போனால், 3 சென்டிமீட்டரில் 27 சதவீதம் மிஞ்சும். முதல் எண் 55 என்றால் 3 சென்டிமீட்டரில் வெறும் 17. மறுபயன்பாட்டுக்கான அமெரிக்க வழிகாட்டுதல் மணல் போன்ற வடிகட்டிக்குப் பின் 100 மில்லிஜூல், சவ்வு வடிகட்டிக்குப் பின் 80, ஆர்ஓவுக்குப் பின் 50 என்று படிப்படியாகக் குறைப்பது இதனால்தான்.

அதனால் விற்பனையாளர் தரும் அட்டவணையை வைத்து முடிவெடுக்காதீர்கள். அந்தந்த நிலையத்து நீரையே சோதியுங்கள். சோதனையில் இரண்டு வழி. முதலாவது ஆய்வகத்தில்: தட்டில் நீரை ஊற்றி, மெதுவாகக் கலக்கிக்கொண்டே, குழாய் வழியாக நேர்க்கற்றையாக விழும் ஒளியை வெவ்வேறு நேரம் காட்டி, மிஞ்சும் கிருமிகளை எண்ணுவது. செலவு குறைவு, அளவு துல்லியம். வரைபடம் முதலில் சரசரவென இறங்கும். ஒரு கட்டத்துக்குப் பிறகு தரையோடு படுத்துவிடும். துகள்களுக்குள் ஒளிந்த கிருமிகளின் வேலை அது. அதே நீரை நுண்வடிதாளில் வடித்து இன்னொரு முறை செய்து பாருங்கள். இப்போது கோடு படுக்காமல் இறங்கிக்கொண்டே போனால், பணத்தைக் கூடுதல் விளக்கில் போடக் கூடாது, வடிகட்டியில் போட வேண்டும். அப்புறம், ஒளி காட்டிய நீரில் ஒரு பங்கை இருட்டிலும் ஒரு பங்கை வெயிலிலும் சில மணி நேரம் வைத்து எண்ணுங்கள். சில பாக்டீரியாக்கள் வெளிச்சத்தில் தம் டிஎன்ஏவைச் சரிசெய்துகொண்டு மீண்டு வரும். திறந்த கால்வாயில் நீரை விடுகிற ஊரில் இதைப் பார்க்காமல் விடக் கூடாது.

இரண்டாவது வழி, நிலையத்திலேயே சிறிய யூவி அலகை ஓட்டிப் பார்ப்பது. ஆய்வகத் தட்டு காட்டாததை இது காட்டும்: கடினநீரால் விளக்கை மூடிய குவார்ட்ஸ் உறையில் படியும் உப்பு, மின்சாரம் போய் வந்ததும் விளக்கு சூடேறும் வரை கிருமியோடு கடந்துபோகும் நீர். ஏப்ரலில் மட்டும் ஓட்டினால் போதாது. வடகிழக்குப் பருவமழையில் மழைநீர் சாக்கடையில் புகுந்து, நிலையம் திணறும் நவம்பரும் கணக்கில் வர வேண்டும்.

விளக்கிலும் இரண்டு வகை. குறைந்த அழுத்த விளக்கு வாங்கும் மின்சாரத்தில் 35 முதல் 40 சதவீதத்தைக் கிருமி கொல்லும் ஒளியாக்கும். நடுத்தர அழுத்த விளக்கில் அது 10 முதல் 15 சதவீதம்தான். எண்ணிக்கை குறைவாகப் போதும் என்பது அதன் வசதி. இடம் இருக்கும் நிலையத்துக்கு முதல் வகையே சரி.

ஆறு, ஏரி, சதுப்புநிலத்துக்குப் போகும் நீருக்கு வடிகட்டி, அதன் பின் யூவி, அதோடு நிறுத்தலாம். குழாயில் நெடுந்தூரம் போகும் நீருக்கு, பூங்காவோ கழிப்பறைத் தொட்டியோ, யூவிக்குப் பின் சிறிதளவு குளோரின் சேர்க்க வேண்டும்; அது அங்கே காவலுக்கு மட்டும். ஒப்பந்தத்தில் ஒளி அளவைப் புது விளக்கை வைத்து எழுத விடாதீர்கள். ஆயுள் முடியப்போகும் விளக்கு, படிவு ஏறிய உறை, நவம்பர் நீரின் ஊடுருவல், இந்த மூன்றும் சேர்ந்த நாளிலும் 230-ஐ எட்டித் தர வேண்டும் என்று எழுதி வாங்குங்கள்.