மிஸ் மார்வெல் முதல் எபிசோட்: ஹல்க் வேஷத்தில் வந்து நிற்கும் அப்பா

இந்த எபிசோடில் ஒரே ஒரு காட்சியை மட்டும் மூன்று தடவை திரும்பப் போட்டுப் பார்த்தேன். ஒரு அப்பா முகத்தில் பச்சை பூசிக்கொண்டு, பச்சை சல்வார் கமீஸ் போட்டுக்கொண்டு, ஹல்க் என்ற பச்சை நிற ராட்சத சூப்பர் ஹீரோவாக மகள் முன்னால் வந்து நிற்கிறார். பக்கத்தில் அம்மா, மகளுக்கும் அதே மாதிரி ஒரு உடையைக் கையில் வைத்திருக்கிறாள். பெரிய ஹல்க்கும் சின்ன ஹல்க்குமாகச் சேர்ந்து போகலாம் என்கிறார் அப்பா. அவர் முகத்தில் இருக்கிற அந்தச் சந்தோஷம் அடுத்த நிமிடமே அணைந்துவிடும் என்று பார்க்கிற நமக்குத் தெரிகிறது, அவருக்குத் தெரியவில்லை.

சரி, முதலிலிருந்து வருகிறேன். 2022 ஜூன் 8 அன்று வெளியான மிஸ் மார்வெல் சீரிஸின் முதல் எபிசோட் இது. மொத்தம் ஆறே எபிசோட்கள்தான். நான் தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டு இப்போதுதான் என் பதினான்கு வயது மகளோடு உட்கார்ந்து பார்த்தேன். கமலா கான் என்ற 16 வயதுப் பெண், நியூ ஜெர்சி மாநிலத்தின் ஜெர்சி சிட்டியில் இருக்கும் பாகிஸ்தானியக் குடும்பத்தில் பிறந்தவள். கேப்டன் மார்வெல் என்ற பெண் சூப்பர் ஹீரோ என்றால் அவளுக்கு உயிர். அவெஞ்சர்கள் என்ற சூப்பர் ஹீரோ கூட்டம் தானோஸ் என்ற வில்லனோடு போட்ட சண்டையைக் காகிதத்தில் வரைந்து, வெட்டி, அசைத்து, தன் குரலில் கதை சொல்லி வீடியோ ஆக்கி வைத்திருக்கிறாள். எபிசோட் அந்த வீடியோவோடுதான் தொடங்குகிறது. இந்தச் சூப்பர் ஹீரோ உலகத்தில் நடந்ததையெல்லாம் ஒரு ரசிகையின் வாயால் கேட்கிறோம். முன்கதை தெரியாதவருக்கும் அது போதும்.

அப்புறம் ஓட்டுநர் தேர்வு. வண்டி நகர ஆரம்பித்ததுமே இடித்து ஃபெயில். பள்ளிக்கூடத்தில் அவளைக் கவனிக்க ஆளில்லை, பெயரைக்கூடச் சரியாகச் சொல்ல மாட்டேன் என்கிறார்கள். அவள் எந்நேரமும் கனவில் இருக்கிறாள் என்று ஆலோசகர் கூப்பிட்டுப் பேசும் காட்சி வழக்கமான பள்ளிக்கூடக் காட்சிதான், அதை நீளமாக எழுத ஒன்றுமில்லை.

ஆனால் அந்தக் கனவைப் படமாக்கிய விதம் அருமை. அவள் நண்பன் ப்ரூனோவோடு தெருவில் பேசிக்கொண்டே போகும்போது பின்னால் சுவரில் இருக்கிற ஓவியங்கள் அவர்கள் பேச்சுக்கு ஏற்ப அசைகின்றன. செல்போனில் அனுப்பும் மெசேஜ்கள் திரையின் ஓரத்தில் கட்டம் போட்டு வராமல், அந்தத் தெருவிலேயே இருக்கிற நியான் விளக்கு எழுத்துகளாக ஒளிர்கின்றன. இயக்கியவர்கள் பெல்ஜியத்தைச் சேர்ந்த அடில் எல் அர்பி, பிலால் ஃபல்லா என்ற இருவர். ஒரு பெண் எந்நேரமும் மனசுக்குள் வரைந்துகொண்டே இருக்கிறாள் என்பதை வசனத்தில் சொல்லாமல் நம் கண்ணுக்குக் காட்டிவிட்டார்கள். என் மகளும் நோட்டின் ஓரமெல்லாம் கிறுக்குகிறவள், அந்த இடங்களில் நாற்காலியின் நுனிக்கே வந்துவிட்டாள்.

இந்த எபிசோடிலேயே ஓரிடத்தில் பின்னணியில் லிங்கா படத்தின் ஓ நண்பா பாட்டு கேட்கும். ரஹ்மான் இசை, எஸ்.பி.பி. குரல். மார்வெல் தயாரிப்பு ஒன்றைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது எதிர்பாராமல் அந்தக் குரல் காதில் விழுந்தால் எப்படி இருக்கும் என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள், எனக்குக் கண் கலங்கிவிட்டது. கதைக்கு அந்தப் பாட்டு அவசியமா என்றால் இல்லைதான். வைத்தவர்களுக்கு நன்றி.

இப்போது அந்த அப்பா அம்மா விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் எனக்கு இந்த எபிசோடே அவர்கள்தான்.

அவெஞ்சர்கான் என்று ரசிகர்கள் கூடும் விழா நடக்கப்போகிறது. வேஷப் போட்டி உண்டு, கமலா கேப்டன் மார்வெல் உடையைத் தைத்துக்கொண்டிருக்கிறாள். வீட்டில் கேட்கிறாள். ராத்திரி நேரம், ஆண் பையன்கள் இருப்பார்கள், கூட்டம், வேண்டாம் என்கிறார்கள். இதை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அம்மாவைக் கொடுமைக்காரியாக்கிவிட்டு, மகள் பக்கம் நம்மைச் சாய்த்து, வேலையை முடித்துக்கொள்வார்கள். இங்கே அப்படி இல்லை. அம்மா முனீபாவாக நடிக்கும் ஜெனோபியா ஷ்ராஃப் மகளை எவ்வளவு கடிந்துகொண்டாலும், அந்தக் கோபத்துக்கு அடியில் இருக்கிற பயம் குரலில் வந்துவிடுகிறது. அண்ணனின் கல்யாணத் துணி எடுக்கப் போன இடத்தில், ஊர் சுற்றக் கிளம்பிப் போய்விட்ட யாரோ ஒரு பெண்ணைப் பற்றிப் பெண்கள் பேசிக்கொள்வதையும் அவள் கேட்கிறாள், கமலாவும் கேட்கிறாள். அதே பேச்சுதான், ஆனால் இரண்டு பேர் மனசிலும் வேறு வேறு இடத்தில் போய் உட்காருகிறது.

மறுத்த பிறகு அவர்களே மனம் இறங்கி வருகிறார்கள். அதுதான் அந்த ஹல்க் உடை. அப்பா யூசுஃபாக வரும் மோகன் கபூர், தொண்ணூறுகளில் ஜீ டிவி பார்த்தவர்களுக்குத் தெரிந்த முகம். மகள் ஆசைப்பட்ட உலகத்துக்குள் தானும் கொஞ்சம் நுழைந்து நிற்கலாம் என்று ஒரு மனிதன் எடுத்த முயற்சி அந்த உடை. கமலா வெடிக்கிறாள், இது எனக்கு எவ்வளவு அவமானம் தெரியுமா என்கிற மாதிரி. அவர் திருப்பிக் கத்துவதில்லை. முகத்தில் பச்சைச் சாயம் அப்படியே இருக்க, சிரிப்பு மட்டும் போய்விடுகிறது. என் மகள் அந்த இடத்தில் ஒன்றும் பேசவில்லை, திரும்பி என்னைப் பார்த்தாள், மறுபடி டிவியைப் பார்த்தாள். பதினாறு வயதில் நம்மில் எத்தனை பேர் வீட்டில் இப்படி ஒரு வார்த்தையை விட்டிருப்போம், அதை அப்பாவோ அம்மாவோ இன்றுவரை நம்மிடம் எடுத்துச் சொல்லாமல் இருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

கமலாவாக நடித்திருக்கும் இமான் வெலானிக்கு இதுதான் முதல் படப்பிடிப்பு அனுபவம். கராச்சியில் பிறந்து கனடாவில் வளர்ந்தவர். அந்த வார்த்தையைச் சொன்ன அடுத்த நொடியே சொல்லியிருக்கக் கூடாது என்று அவர் கண்ணில் தெரிகிறது, ஆனாலும் திரும்ப எடுத்துக்கொள்ள வாய் வரவில்லை. முதல் தடவை நடிக்கும் ஒருவரிடம் இதை எப்படி வாங்கினார்கள் என்று ஆச்சரியம்தான்.

அண்ணன் ஆமிரைப் பற்றியும் ஒரு வார்த்தை. தொழுகையில் கவனமாக இருக்கிற, தாடி வைத்த, கல்யாணம் நிச்சயமான பையன். தங்கைக்காக வீட்டில் பரிந்து பேசுகிறான், அவளைச் சீண்டவும் செய்கிறான். மார்க்கப்பற்று உள்ள ஒரு இளைஞனை அமெரிக்கத் தொடர் ஒன்று இவ்வளவு இயல்பாக, ஒரு சாதாரண அண்ணனாகக் காட்டி நான் அதிகம் பார்த்ததில்லை.

அந்த இரவு அவள் யாருக்கும் தெரியாமல் ப்ரூனோவோடு கிளம்பிப் போகிறாள். கையில், கராச்சியிலிருந்து பாட்டி அனுப்பிய பெட்டியில் கிடந்த கங்கணம். வளையல் என்று சொன்னாலும் முன்கையில் தடிமனாக ஏறி உட்காரும் பழைய உலோகக் கங்கணம் அது. அம்மா அதைக் குப்பை என்று ஒதுக்கிப் பரணில் போட்டிருந்தாள். மேடையில் அது விழித்துக்கொள்கிறது. கையிலிருந்து படிகம் மாதிரி ஒளி பாய்கிறது, விழாவுக்கு வைத்திருந்த ஆன்ட்மேன் என்ற ஹீரோவின் ராட்சதத் தலை உருள்கிறது, தோர் என்ற ஹீரோவின் சுத்தியல் ஊஞ்சலாடி வந்து பள்ளிக்கூடத்துப் பெண் ஸோயியைத் தூக்கி எறிகிறது, கமலாவின் கை ஒளியாக நீண்டு அவளைப் பிடிக்கிறது.

காமிக்ஸ் படித்தவர்களுக்கு இங்கேதான் வருத்தம். 2014-இல் வில்லோ வில்சன் எழுதி ஏட்ரியன் அல்ஃபோனா வரைந்த காமிக்ஸ் தொடரில் கமலாவின் சக்தி அவள் உடம்பிலேயே வரும். ஒரு மூடுபனியில் சிக்கிய பிறகு கை கால் நீளும், பெரிதாகும், சுருங்கும். தன் உடம்பைப் பற்றியே குழப்பத்தில் இருக்கிற வயசுப் பெண்ணுக்கு அது எவ்வளவு பொருத்தமான சக்தி! ஒளி வடிவம் பார்க்க அழகாக இருக்கிறது, ஆனால் அந்த வினோதமான, கொஞ்சம் அசிங்கமான, ரொம்ப நிஜமான விஷயம் போய்விட்டது. அதற்கு ஈடாக, சக்தி பாட்டியின் பொருளிலிருந்து வருகிறது, அம்மா ஒளித்து வைத்ததிலிருந்து வருகிறது. குடும்பக் கதையாகவே கொண்டுபோக நினைத்தால் இது சரியான தேர்வு என்று இரண்டாவது தடவை பார்த்தபோது எனக்குப் பட்டது. முழு மனசோடு ஒப்புக்கொண்டேன் என்று சொல்ல மாட்டேன்.

குறை என்றால் அந்த மேடைக் காட்சிதான். அதுவரை நிதானமாகப் போன எபிசோட் அங்கே அவசரப்படுகிறது, எது எங்கே விழுகிறது என்று கண்ணுக்குப் பிடிபடவில்லை. ஸோயி என்ற பிரபலமான பெண்ணுக்கு இதுவரை ஒரு குணமும் எழுதவில்லை. ப்ரூனோ நல்ல பையன், எதை வேண்டுமானாலும் கையால் செய்கிறான், அதற்கு மேல் அவன் யார் என்று இன்னும் தெரியவில்லை. தோழி நகியாவுக்கும் இந்த எபிசோடில் போதுமான நேரம் இல்லை.

வீடு திரும்பினால் அறையில் அம்மா காத்திருக்கிறாள். கத்தல் இல்லை. நீ யாராக இருக்கப்போகிறாய், நல்ல பெண்ணாகவா, இல்லை தலையை அண்டவெளியில் வைத்துக்கொண்டு திரிகிறவளாகவா என்று கேட்டுவிட்டுப் போய்விடுகிறாள். அம்மா திட்டுவதற்காக எடுத்த அந்த 'காஸ்மிக்' என்ற சொல்லைக் கமலா தனியாகப் படுத்துக்கொண்டு, கண்ணில் வெளிச்சத்தோடு, மெதுவாகத் தனக்குத்தானே சொல்லிப் பார்க்கிறாள்.

எழுத்துகள் ஓட ஆரம்பித்ததும் எழுந்துவிடாதீர்கள், நடுவில் ஒரு சின்னக் காட்சி உண்டு. நாங்கள் அதையும் பார்த்துவிட்டு டிவியை அணைத்தோம். படுக்கப் போகும்போது மகள், "அவ அவங்க அப்பாகிட்ட ஸாரி கேட்டாளாப்பா?" என்றாள். அடுத்த எபிசோடில் பார்ப்போம் என்றேன்.