தெருவோரப் பிள்ளைகளின் படிப்புக்கு ‘ஸ்பான்சர்’: எந்தத் திட்டத்துக்குப் பணம் தரலாம்?

சிங்கப்பூர்ச் சிராங்கூன் சாலைக் கடைகளின் கல்லாவோரம் இருக்கும் துண்டறிக்கையிலும் வாட்ஸ்அப் குழுக்களிலும் அடிக்கடி கண்ணில் படும் வேண்டுகோள் இது: சென்னை நடைபாதையில் வளரும் ஒரு குழந்தையின் படிப்புச் செலவை ஏற்றுக்கொள்ளுங்கள். இப்படிக் கேட்கும் திட்டங்கள் பெரும்பாலும் மூன்று வகைக்குள் அடங்கும். நாம் தரும் பணம் அந்தப் பிள்ளையை வகுப்பில் உட்காரவைத்து, அங்கேயே நிலைக்கவைக்கிறதா என்ற ஒரே கேள்வியை வைத்து மூன்றையும் மதிப்பிடலாம்.

முதல் வகை, புத்தகப்பை, சீருடை, நோட்டு, காலணி எல்லாம் அடங்கிய ‘பள்ளித் தொகுப்பு’. விலை குறைவு, படம் எடுக்க அழகு. தமிழ்நாட்டைப் பொறுத்தவரை இதற்குப் பணம் தர வேண்டியதில்லை. அரசுப் பள்ளியில் பாடநூல், நோட்டு, சீருடை, பை, காலணி, பேருந்து அட்டை எல்லாமே இலவசம். மதியம் முட்டையுடன் சத்துணவு உண்டு. 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்ட்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்துவிட்டது. பள்ளிக்குள் கால் வைத்துவிட்ட பிள்ளைக்குப் பொருள் கிடைத்துவிடும். கால் வைக்க முடியாத பிள்ளைக்குப் பை கொடுத்து என்ன பயன்? அதைப் பத்திரமாக வைக்கக்கூட நடைபாதையில் இடமில்லை. ஒரு ராத்திரி மழைக்குப் புத்தகம் ஊறிப்போகும். மாநகராட்சி லாரி வந்தால் மூட்டையோடு போய்விடும்.

இரண்டாவது வகையில் பெயரும் படமும் போட்டு ஒரு குழந்தையைத் தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள். ஆண்டுக்கொரு கடிதமும் மதிப்பெண் பட்டியலும் வரும். கொடுப்பவரின் மனநிறைவுக்கு ஏற்ற ஏற்பாடுதான், ஆனால் தெருப்பிள்ளையின் வாழ்க்கைக்கு ஒத்துவராது. பாரிமுனைப் பக்கம் நடைபாதையில் இருக்கும் குடும்பத்தை அப்புறப்படுத்திப் பெரும்பாக்கத்தில் குடியேற்றினால், பள்ளி இருபது கிலோமீட்டருக்கு அப்பால் போய்விடும். பிள்ளை பட்டியலில் இல்லை என்றதும் ஸ்பான்சர் பணம் வேறு முகத்துக்குத் திரும்பும். உதவி மிகவும் தேவைப்படும் நேரத்தில்தான் அது அறுந்துபோகிறது. இன்னொன்றும் கவனிக்க வேண்டும். 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், 74ஆம் பிரிவில், பாதுகாப்பும் பராமரிப்பும் தேவைப்படும் குழந்தையின் பெயர், முகவரி, பள்ளி, படம் போன்ற அடையாளங்கள் வெளியாவதைத் தடுக்கிறது. குழந்தை நலக் குழுவின் விசாரணைக்கு வந்த பிள்ளையின் முகத்தை முகநூலில் போட்டு நன்கொடை கேட்கும் அமைப்பை எடுத்த எடுப்பிலேயே ஒதுக்கிவிடலாம்.

மூன்றாவது வகை, பள்ளிக்குப் போகாத பிள்ளையைத் தயார்படுத்திப் பள்ளியில் சேர்க்கும் இணைப்புப் பயிற்சி மையம். விளம்பரத்தில் கவர்ச்சி குறைவு. எங்கள் பரிந்துரை இதற்குத்தான். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி, பள்ளிக்கே போகாத பத்து வயதுப் பிள்ளையை ஒன்றாம் வகுப்பில் போடக் கூடாது. வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, மற்றவர்களை எட்டிப்பிடிக்கச் சிறப்புப் பயிற்சி தர வேண்டும். அதன் காலம் குறைந்தது மூன்று மாதம், அதிகபட்சம் இரண்டு ஆண்டு. பிறப்புச் சான்றிதழ் இல்லை என்றோ, முந்தைய பள்ளியின் மாற்றுச் சான்றிதழ் வரவில்லை என்றோ, சேர்க்கை முடிந்துவிட்டது என்றோ திருப்பி அனுப்பவும் கூடாது. சட்டம் தெளிவாகத்தான் இருக்கிறது. பள்ளி அலுவலகத்தில் அதைச் சொல்லிப் பேச ஓர் ஆள் வேண்டும். குப்பை பொறுக்கப் போகும் தாயிடம் அந்தப் பேச்சை எதிர்பார்க்க முடியாது.

நல்ல மையத்தின் வேலை வகுப்பறைக்கு வெளியேதான் அதிகம். களப்பணியாளர் விடியற்காலையில் நடைபாதைக்குப் போவார். தண்ணீர் பிடிக்க வரிசையில் நிற்கும் சிறுமி, தம்பியை இடுப்பில் சுமப்பவள், ராத்திரி லாரிச் சத்தத்திலும் கொசுக்கடியிலும் தூங்காதவன், பஞ்சர் ஒட்டும் சொல்யூஷனை முகர்ந்து கிறங்கிக் கிடப்பவன் என்று ஒவ்வொருவருக்கும் தடை வேறு. தம்பியை விட்டுவர அங்கன்வாடி, குளிக்க ஓரிடம், வயதுக்கு வந்த பெண்ணுக்குக் கழிப்பறையும் நாப்கினும், புத்தகம் வைக்கப் பூட்டுள்ள பெட்டி, படிக்க மாலையில் விளக்குள்ள கூடம் எல்லாம் வேண்டும். பிள்ளைகள் நின்றுபோவது பாடம் ஏறாததால் மட்டும் என்று நினைக்க வேண்டாம். ‘நாறுது’ என்று பக்கத்துப் பிள்ளை நகர்ந்து உட்கார்ந்த அன்றே நின்றுபோனவர்கள் உண்டு.

அடுத்தது காகிதம். ஆதார், வங்கிக் கணக்கு, சாதிச் சான்றிதழ் இல்லாமல் பெரும்பாலான உதவித்தொகைகள் கிடைக்காது. இவற்றுக்கெல்லாம் முகவரி கேட்பார்கள். 2019இல் லண்டன் லார்ட்ஸ் மைதானத்தில் தெருவோரச் சிறுவர் கிரிக்கெட் உலகக் கோப்பையைத் தென்னிந்திய அணி வென்றது. அதில் ஆடிய சென்னைப் பிள்ளைகளுக்கும் மட்டைக்கு முன்னால் கடவுச்சீட்டு தேவைப்பட்டது.

ஆக, நம் பணம் களப்பணியாளர், ஆசிரியர் சம்பளத்துக்குப் போக வேண்டும். ‘நிர்வாகச் செலவே இல்லை, நூறு சதவீதமும் குழந்தைக்கே’ என்று சொல்லும் அமைப்பில் அந்த ஆட்கள் இருக்கிறார்களா என்று கேளுங்கள். இந்தியாவின் வெளிநாட்டு நன்கொடைச் சட்டம், எஃப்சிஆர்ஏ, நிர்வாகச் செலவுக்கு 20 சதவீதம் என்று வரம்பு வைத்திருக்கிறது. பள்ளி ஆசிரியர் சம்பளம் அந்தக் கணக்கில் வராது. தணிக்கை அறிக்கையில் இரண்டையும் பிரித்துக் காட்டச் சொல்லலாம். சேர்ந்தவர் எண்ணிக்கையை மட்டும் சொன்னால் போதாது. சேர்த்து ஓராண்டு கழித்து எத்தனை பேர் வகுப்பில் இருக்கிறார்கள் என்ற கேள்விக்குத் தடுமாறாமல் பதில் வர வேண்டும். விடுதி நடத்தினால் இளைஞர் நீதிச் சட்டத்தின் 41ஆம் பிரிவின் கீழ்ப் பதிவு கட்டாயம்.

பணம் அனுப்பும் வழி உங்கள் கடவுச்சீட்டைப் பொறுத்தது. பலர் தடுக்கி விழும் இடமும் இதுதான். இந்தியக் குடிமகனாக இருந்து, சொந்தச் சேமிப்பை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. இங்கே நிரந்தரவாசியாக இருந்தாலும் அப்படியே. கடவுச்சீட்டு நகல் கேட்டால் கொடுங்கள். சிங்கப்பூர்க் குடிமகன் தந்தால், வெளிநாட்டு இந்தியருக்கான ஓசிஐ அட்டை இருந்தாலும், வெளிநாட்டு நன்கொடைதான். அமைப்பிடம் நடப்பிலுள்ள எஃப்சிஆர்ஏ பதிவு இருக்க வேண்டும். பணம் பாரத ஸ்டேட் வங்கியின் புதுடில்லி முதன்மைக் கிளைக் கணக்குக்கே முதலில் போக வேண்டும். சென்னைக் கிளை எண்ணையோ யாருடைய சொந்தக் கணக்கையோ தந்தால் அனுப்பாதீர்கள். 2020 திருத்தத்துக்குப் பின் ஓர் அமைப்பு வாங்கும் வெளிநாட்டு நன்கொடையை இன்னோர் அமைப்புக்கு மாற்றிக் கொடுக்கவும் முடியாது. எனவே ‘நாங்கள் வாங்கிச் சிறிய இல்லங்களுக்குப் பிரித்துத் தருகிறோம்’ என்பதும் செல்லாது.

இங்கே சிங்கப்பூரில் கைப்பேசி வழியே பணம் அனுப்பும் பேநவ் எண் போட்டுப் பொதுமக்களிடம் திரட்டுவதானால் அறநிறுவன ஆணையரின் அனுமதி வேண்டும். உள்ளூர்ப் பொது நல அமைப்புகளுக்குத் தரும்போது கிடைக்கும் 2.5 மடங்கு வரிக்கழிவு இதற்குக் கிடைக்காது.

எப்போது அனுப்புவது? டிசம்பரில் போனஸ் வந்ததும் மொத்தமாக அனுப்புவதுதான் நம் வழக்கம். தமிழ்நாட்டில் பள்ளி ஜூனில் திறக்கிறது. களப்பணியாளருக்குச் சம்பளம் மாதாமாதம். அதே தொகையைப் பன்னிரண்டாகப் பிரித்து மாதாமாதம் தானாகப் போகும்படி வங்கியில் நிலையான உத்தரவாகப் போட்டுவிடுங்கள். பள்ளி செல்லாப் பிள்ளைகளைத் தேடி ஏப்ரல், மே வெயிலில் தெருத்தெருவாக அலையும் மாதங்களிலும் மையத்தின் கையில் பணம் இருக்கும்.