செவ்வந்திக்கு நடைவழியா, பால்கனியா, பின்கட்டா?

ஒரே தாய்ச்செடியில் கிள்ளிய மூன்று செவ்வந்தி நாற்று. மண் ஒன்று, உரம் ஒன்று, நட்ட நாளும் ஒன்று. பினாங்கில் நாங்கள் குடியிருக்கும் அடுக்குமாடி வீட்டில் இடம் கொஞ்சம் என்பதால் ஒரு சட்டியை வாசல் நடைவழியிலும், ஒன்றை மேற்குப் பார்த்த பால்கனியிலும், மற்றதைத் துணி காயப்போடும் பின்கட்டிலும் வைத்தேன். நான்கு மாதம் கழித்துப் பார்த்தால் மூன்றும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் என்று சொல்லவே முடியவில்லை.

நடைவழிச் செடி புதர்போல் செழித்திருந்தது, ஒரு மொட்டுகூட இல்லை. பால்கனிச் செடி நெடுநெடுவென வளர்ந்து சாய்ந்து, தாமதமாக நாலைந்து பூ விட்டது. பின்கட்டுச் செடிக்குக் கிடைத்ததோ காலை வெயில் மட்டும். அதுதான் குட்டையாக, கெட்டியாக நின்று இலை மறையும் அளவுக்கு மொட்டு வைத்தது.

"வெயில் பத்தலைம்மா, அதான் பூக்கலை" என்று அம்மா நடைவழிச் செடியைக் காட்டிச் சொன்னார். நாம் எல்லாரும் அப்படித்தான் சொல்வோம். ஆனால் அதிக வெயில் வாங்கியது பால்கனிச் செடி. வெயில்தான் கணக்கு என்றால் அதுவல்லவா முந்தியிருக்க வேண்டும்?

மூன்று சட்டியை வைத்து யாரும் பெரிய முடிவுக்கு வந்துவிட முடியாது. இருந்தாலும் செடி ஒளியையும் வெப்பத்தையும் உணரும் விதம் பற்றி நூறு வருடமாகக் கண்டறிந்து வைத்திருப்பதோடு பொருத்திப் பார்த்தால், இந்த மூன்று இடங்களுக்கும் என்ன வித்தியாசம் என்பது நன்றாகவே விளங்குகிறது. என் முடிவை இப்போதே சொல்லிவிடுகிறேன். செடிக்கு இடம் தேடும்போது அந்த இடத்தின் பகலைப் பார்ப்பதைவிட இரவைப் பார்ப்பது முக்கியம்.

நடைவழி

எங்கள் நடைவழியில் டியூப் லைட் இரவு முழுக்க எரியும். பாதுகாப்புக்காக எரிவது, குறை சொல்ல முடியாது. ஆனால் செவ்வந்திக்கு அது விடியாத இரவு அல்ல, முடியாத பகல்.

1920இல் அமெரிக்க வேளாண் துறையைச் சேர்ந்த கார்னரும் அல்லார்டும், கோடை முழுக்கப் பூக்காமல் வளர்ந்துகொண்டே போகும் ஒரு புகையிலை வகை, பகல் நேரத்தைக் குறைத்தால் பூக்கிறது என்று காட்டினார்கள். அப்போது எல்லாரும் செடி பகலின் நீளத்தை அளக்கிறது என்றுதான் நினைத்தார்கள். 1938இல் ஹாம்னரும் பானரும் செய்த சோதனைகள் அதைத் திருப்பிப் போட்டன. பகலின் நடுவே சற்று இருட்டாக்கினால் செடிக்கு ஒன்றும் ஆவதில்லை. இரவின் நடுவே சில நிமிடம் வெளிச்சம் காட்டினாலே போதும், அந்த இரவை அது கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. செடி அளப்பது விடாத இருட்டின் நீளத்தை.

அந்த அளவுகோல் இலையில்தான் இருக்கிறது. பைட்டோகுரோம் என்ற நிறமிப் புரதம் அது. சிவப்பு ஒளி பட்டால் விழித்த வடிவத்துக்கு மாறும். சிவப்புக்கு அப்பால் நம் கண்ணுக்கு மங்கலாகத் தெரியும் தொலைச்சிவப்பு ஒளி பட்டால் பழையபடி உறங்கும் வடிவத்துக்குத் திரும்பும். இருட்டிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தானே உறங்கிப்போகும். 1952இல் போர்த்விக், ஹெண்ட்ரிக்ஸ் குழுவினர் கீரை வகையான லெட்டூஸ் விதைகளுக்கு இந்த இரண்டு ஒளியையும் மாற்றி மாற்றிக் காட்டிப் பார்த்தார்கள். கடைசியாகக் காட்டியது சிவப்பு என்றால் விதை முளைத்தது, தொலைச்சிவப்பு என்றால் பெரும்பாலும் முளைக்கவில்லை. எத்தனை முறை மாற்றினாலும் கடைசி ஒளியின் பேச்சுதான் எடுபட்டது. நடைவழி டியூப் லைட்டில் சிவப்புக் கலந்திருக்கிறது. பைட்டோகுரோமை அது இரவெல்லாம் உறங்க விடாது. நீண்ட இருட்டு கிடைத்தால்தான் பூக்கும் செவ்வந்திக்கு இரவு வந்ததே தெரிவதில்லை.

இதில் பினாங்குக்கே உரிய ஒரு விஷயம் உண்டு. நாம் இருப்பது நிலநடுக்கோட்டுக்கு ஐந்தரைப் பாகை வடக்கே. வருடத்தின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே இங்கே 40 நிமிட வித்தியாசம்கூட இல்லை. கோலாலம்பூரில் அது ஏறக்குறைய 22 நிமிடம். சென்னையிலோ ஒன்றரை மணி நேரம். ஆக, நீண்ட இரவு கேட்கும் செவ்வந்திக்கு இங்கே வருடம் முழுவதும் பூக்கும் காலம்தான். இயற்கை அள்ளிக் கொடுக்கும் அந்தப் பன்னிரண்டு மணி இருட்டை நாம்தான் ஒரு குழல் விளக்கால் பறித்துவிடுகிறோம்.

கேமரன் மலைக்கு இரவில் போனவர்கள், பள்ளத்தாக்கில் பண்ணைக் கூடாரங்கள் விளக்கு வரிசையோடு மின்னுவதைப் பார்த்திருப்பார்கள். அங்கே செவ்வந்தி பயிரிடுவோர் வேண்டுமென்றே இரவில் விளக்குப் போடுகிறார்கள். போடாவிட்டால் செடி சாண் உயரத்திலேயே மொட்டு வைத்துவிடும், வெட்டுப்பூவுக்கு வேண்டிய நீளத் தண்டு கிடைக்காது. தண்டு வளரும்வரை விளக்கு, பிறகு இருட்டு, சில வாரங்களில் மொட்டு. என் நடைவழிச் செடி அந்த முதல் கட்டத்திலேயே நின்றுபோயிருந்தது. விளக்கை அணைக்க ஆளில்லை, அவ்வளவுதான்.

சரி, செடியை எடுக்க வேறு இடமே இல்லாதவர்கள் என்ன செய்வது? மாலை ஏழரைக்கு ஒரு பெரிய அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து, காலை ஏழரைக்கு எடுத்துவிடலாம். முழுச் செடியும் மூடும்படி இருக்கட்டும், முக்கியமாக இலைகள். இதற்குச் சான்று சொன்னது செவ்வந்தியேதான். 1930களில் சைலாக்கியான் என்ற அறிஞர், இலையுள்ள கீழ்ப்பாதிக்கு மட்டும் நீண்ட இருட்டுக் கொடுத்து, இலை கிள்ளிய மேல்பாதியை வெளிச்சத்தில் வைத்தார். மேலே பூத்தது. மாற்றிச் செய்தபோது பூக்கவில்லை. இருட்டை உணர்வது இலை, பூப்பது நுனி, நடுவே ஏதோ ஒரு தூது போகிறது என்றார். அந்தத் தூது ஒரு சிறு புரதம் என்பது தெளிவாக இன்னும் எழுபது வருடம் பிடித்தது.

மேற்கு பால்கனி

நடைவழியின் கதை எனக்குச் சீக்கிரம் புரிந்துவிட்டது. பால்கனிதான் நெடுநாள் புதிராக இருந்தது. அங்கே இரவில் நல்ல இருட்டு. மதியம் இரண்டு மணி தொடங்கிப் பொழுது சாயும் ஏழு மணி தாண்டியும் வெயில். (நம் கடிகாரம் சூரியனுக்கு முன்னால் ஓடுவதால் உச்சி வெயிலே இங்கே ஒரு மணிக்கு மேல்தான்.) பிறகு ஏன் அந்த நெடுநெடு வளர்ச்சி, அந்தத் தாமதம்?

இரவு பத்து மணிக்குப் பால்கனிச் சுவரில் கை வைத்துப் பார்த்தேன். சுட்டது. பகலெல்லாம் குடித்த வெயிலைச் சுவர் மெதுவாகக் கக்கிக்கொண்டிருந்தது. பக்கத்திலேயே ஏர்கானின் வெளிப்பெட்டி, படுக்கையறைச் சூட்டையெல்லாம் அள்ளிச் செடியின் மேல் ஊதிக்கொண்டிருந்தது.

2016இல் வெளிவந்த இரண்டு ஆய்வுகள், ஒன்று கேம்பிரிட்ஜ் விஞ்ஞானிகள் முன்னின்று நடத்தியது, மற்றது போனஸ் அயர்ஸ் குழுவினர் நடத்தியது, சிலிர்க்க வைக்கும் ஒன்றைச் சொல்கின்றன. ஒளியை உணரும் அதே பைட்டோகுரோம்தான், அதன் 'பி' வகை, வெப்பத்தையும் உணர்கிறது. இருட்டில் அது தானாக உறங்கிப்போகும் என்றேனே, அந்த வேகம் சூட்டைப் பொறுத்தது. குளிர்ந்த இரவில் நிதானமாக, சூடான இரவில் வேகமாக. விழித்திருக்கும் பைட்டோகுரோம் தண்டை நீளவிடாமல் அடக்கும். அது உறங்கிவிட்டால் தண்டு நீளத் தொடங்கும். அவர்கள் இதைக் கண்டது கடுகுக் குடும்பத்துச் சிறு செடி ஒன்றில். செவ்வந்தியில் அப்படியே அளந்ததாக நான் சொல்லவில்லை. ஆனால் சூட்டில் தண்டு இழுத்துக்கொண்டு போவதை நாம் எத்தனை செடியில் பார்க்கிறோம்!

இன்னும் ஒன்று. ஒரு செடி வேறு இலைகளின் நிழலில் நின்றாலும் இதே பைட்டோகுரோம்தான் உறங்குகிறது. காரணம், இலைகள் சிவப்பைத் தின்றுவிட்டுத் தொலைச்சிவப்பைக் கீழே விட்டுவிடுகின்றன. நிழலும் சூடும் நமக்கு எதிரெதிர். செடியின் உள்ளே இரண்டும் ஒரே கதவைத்தான் தட்டுகின்றன. கொளுத்தும் வெயிலில் நின்ற என் செடி, நிழலில் வாடும் செடிபோல நெடுகி நின்றது அதனால்தான் என்று நம்புகிறேன்.

பூவின் தாமதத்துக்கும் சூடே காரணம். இரவுச் சூடு கூடினால் மொட்டு தள்ளிப்போகும் என்பது செவ்வந்தி வளர்ப்போர் நன்கு அறிந்தது. இலையிலிருந்து நுனிக்குப் போகும் அந்தத் தூதுப் புரதம் சூட்டில் குறைந்துவிடுகிறது.

ஆகவே மேற்கு பால்கனி செவ்வந்திக்கு வேண்டாம். ஆனால் அது கெட்ட இடம் இல்லை. குண்டுமல்லிக்கு அதைவிட நல்ல இடம் எங்கள் வீட்டில் கிடையாது, அது வெயிலும் சூடும் கேட்கும் கொடி. கறிவேப்பிலையும் அங்கேதான் தழைக்கிறது.

பின்கட்டு

பின்கட்டில் சொல்ல அதிகம் இல்லை, அதுவே அதன் சிறப்பு. கிழக்குப் பார்த்தது. பதினொரு மணிவரை வெயில், அப்புறம் எதிர்க் கட்டடத்தின் நிழல். அது சுவரின் நிழல் என்பதைக் கவனிக்க வேண்டும். சுவர் ஒளியின் அளவைத்தான் குறைக்கும், சிவப்பைப் பொறுக்கி எடுத்துக்கொள்ளாது. இரவில் அடுப்படி விளக்கை ஒன்பதுக்குள் அணைத்துவிடுகிறோம். சிமென்ட் தரை பொழுது சாயுமுன்பே ஆறிவிடுகிறது. சன்னல் பக்கமாகச் செடி சாயாதிருக்க வாரம் ஒரு முறை சட்டியைத் திருப்பி வைப்பேன், அது நீல ஒளியை உணரும் வேறொரு புரதத்தின் வேலை.

எல்இடி விளக்கு வாங்கி வீட்டுக்குள்ளேயே வளர்க்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. நாற்றுக்கும் கீரைக்கும் அது நல்லது. செவ்வந்தி பூக்க அந்த விளக்கைப் பன்னிரண்டு மணி நேரம் அணைத்து வைக்க வேண்டும், கூடத்து விளக்கும் தொலைக்காட்சி வெளிச்சமும் படக்கூடாது. சின்ன வீட்டில் அதற்கு ஒரு தனி அறை வேண்டும். நான் வாங்கவில்லை.

சூடு மட்டும் பேசும்போது

ஒளியா, வெப்பமா, எது பெரிது என்று கேட்டால் செவ்வந்தி ஒளியின் பக்கம் சாயும், சூடு வந்து குறுக்கிடும். இதற்கு நேர் எதிரான ஒரு செடி நம் சாலையோர மரங்களிலேயே இருக்கிறது. புறா ஆர்கிட். தூங்குமூஞ்சி மரக் கிளைகளில் ஒட்டி வளரும், மற்ற நாளில் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஒரு நாள் காலை, ஊரெங்கும் உள்ள எல்லாக் கொத்தும் ஒன்றாக வெள்ளை வெளேரென்று பூத்து நிற்கும், மறுநாள் வாடிவிடும். அதற்கு ஏறக்குறைய ஒன்பது நாள் முன்பு ஒரு பெருமழை பெய்து, காற்று சட்டென ஐந்து பாகை அளவுக்குக் குளிர்ந்திருக்கும். முன்பே உருவாகி உறங்கிக் கிடந்த மொட்டுகளை அந்தக் குளிர்ச்சி எழுப்பிவிடுகிறது. பகலின் நீளம் மாறாத நாட்டில், ஊர் முழுக்க ஒரே நாளில் பூத்து ஒன்றோடொன்று மகரந்தம் பரிமாற இதைவிட நல்ல கடிகாரம் ஏது? பினாங்கின் தண்ணீர்மலைப் பக்கம் நடக்கும்போது மழை பெய்த தேதியைக் குறித்து வைத்துக்கொண்டு ஒன்பதாம் நாள் மரங்களை அண்ணாந்து பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது.

இந்த வருடம் ஐந்து செவ்வந்திச் சட்டிகளும் பின்கட்டில். நடைவழியில் வெற்றிலைக் கொடி. அதன் பூவை யாரும் எதிர்பார்ப்பதில்லை, இலை கிடைத்தால் போதும். அம்மாவும் இப்போது அடுப்படி விளக்கை எட்டரைக்கே அணைத்துவிடுகிறார்.

போன வாரம் கீழ் மாடி அக்கா, தீபாவளிக்குள் பூக்கும்படி ஒரு நாற்று வேண்டும் என்று கேட்டார். கிள்ளிக் கொடுக்கும் முன் அவர் வீட்டுக்கு இரவு பத்து மணிக்குப் போய், பால்கனியில் நின்று, எங்கே இருட்டு, எந்தச் சுவர் ஆறியிருக்கிறது என்று இருவருமாகத் தொட்டுப் பார்த்தோம்.