ப்ளிக்கர்ஸ்: பசங்ககிட்ட போன் இல்லாத கிளாஸுக்கு நல்லா செட் ஆகுற ஆப்

டீச்சர் ட்ரெய்னிங்னு போனா கஹூட்னு ஒரு க்விஸ் ஆப் காட்டுவாங்க, கூகுள் ஃபார்ம்ல க்விஸ் போடச் சொல்லித் தருவாங்க, பார்க்க நல்லாத்தான் இருக்கும், ஆனா அதெல்லாம் பசங்க கையில போனோ டேப்போ இருந்தாத்தான் ஓடும். நம்ம ஸ்கூல்ல எவனாவது போன் கொண்டு வந்தா பிடுங்கி எச்எம் ரூம்ல வெச்சுட்டு அப்பாவ கூட்டிட்டு வான்னு சொல்றவங்களே நாமதான். அப்புறம் எங்க கஹூட்.

ப்ளிக்கர்ஸ்ல போன் டீச்சர்கிட்ட மட்டும் இருந்தா போதும். பசங்களுக்கு வெறும் பேப்பர் கார்டு, அதுல க்யூஆர் கோடு மாதிரி ஒரு கறுப்பு டிசைன், ஒவ்வொண்ணும் வேற வேற, ஒவ்வொண்ணுக்கும் ஒரு நம்பர். சுத்தி நாலு பக்கமும் ஏ, பி, சி, டின்னு பொடி எழுத்துல இருக்கும். எது விடைன்னு தோணுதோ அந்த எழுத்து மேல வர்ற மாதிரி திருப்பி தூக்கிப் பிடிக்கணும், நாம போன் கேமராவ கிளாஸ் பக்கம் ஒரு சுத்து காட்டினா யார் சரி யார் தப்புன்னு பேரோட நம்ம போன் ஸ்கிரீன்ல வந்துடும். கார்டுக்கு கார்டு டிசைன் மாறுறதால பக்கத்துல இருக்குறவன எட்டிப் பார்த்தும் பிரயோஜனம் இல்ல. இத ஆரம்பிச்சவரும் அமெரிக்காவுல கணக்கு சொல்லிக் கொடுத்தவர்தானாம், கிளாஸ் ரூம் தெரிஞ்ச ஆளு செஞ்சதுன்னு பார்த்தாலே தெரியுது.

எனக்கு இது ஏன் பிடிச்சதுன்னா கோரஸ். நம்ம கிளாஸ்ல "புரிஞ்சுதா?"ன்னா "புரிஞ்சுது மிஸ்ஸ்ஸ்"னு மொத்தமா ஒரு சத்தம் வரும், அதுல பாதி பேர் வாய மட்டும் அசைச்சிருப்பாங்க. ஐஸ் உருகிட்டு இருக்கும்போது சூடு பண்ணிட்டே இருந்தா வெப்பநிலை என்ன ஆகும்னு கேட்டேன், "மாறாது மிஸ்"னு கோரஸ் வந்துச்சு. அதே கேள்விய கார்டுல கேட்டா பாதிக்கு மேல "ஏறும்"னு காட்டுறாங்க! முதல் பெஞ்ச் நாலு பேர் கத்தினத நம்பி உள்ளுறை வெப்பத்த முடிச்சுட்டு அடுத்த பாடம் போயிருப்பேன். வாயே திறக்காத பிள்ளைங்க கூட கார்ட தூக்குது, தப்புன்னாலும் கிளாஸ்ல யாருக்கும் தெரியப் போறதில்லல்ல.

செட்டப் பத்தி பயப்பட வேண்டாம். வெப்சைட்ல அக்கவுண்ட் போட்டு கிளாஸ் ஆரம்பிச்சு பேர் ஏத்தணும், ரோல் நம்பர் வரிசையில ஏத்துங்க, கார்டு நம்பரும் அதுவும் ஒண்ணாயிடும். மெனு எல்லாம் இங்கிலீஷ்தான், ஆனா கேள்விய தமிழ்ல டைப் பண்ணலாம். கார்டு பிடிஎஃப் ஃப்ரீ, சாதாரண செட்ல 40 கார்டு, பக்கத்துக்கு ரெண்டு, பெரிய கிளாஸுக்கு 63 வரைக்கும் இருக்கு. கெட்டி பேப்பர்ல ப்ரிண்ட் போடுங்க. லேமினேஷன் போடுறதுன்னா பளபளன்னு இருக்கறத போடாதீங்க, ஜன்னல் வெளிச்சம் பட்டா மினுங்கி கேமரா படிக்காது. பசங்க விரல வெச்சு டிசைன மறைச்சாலும் படிக்காது, ஓரத்துல பிடிக்க முதல்லயே பழக்கிடணும், இல்லன்னா "என்னோடது வரல மிஸ்"னு பீரியடே போயிடும்.

குறைன்னா ஃப்ரீ பிளான்ல ஒரு கேள்வி செட்டுக்கு 5 கேள்விதான். காசு கட்டணுமான்னா எனக்கு வேண்டாம்னுதான் தோணுது, பாடம் முடியுறப்ப அஞ்சு கேள்வி கேட்டா தாராளம், கூட வேணும்னா இன்னொரு செட் போட்டுக்கலாம். ப்ரொஜெக்டர் இல்லன்னாலும் கேள்விய போர்டுல எழுதிட்டு ஸ்கேன் பண்ணலாம். நெட் மட்டும் வேணும், ஸ்கூல் வைஃபைய நம்பாம போன் டேட்டாவ ஆன் பண்ணி வெச்சுக்கோங்க.

சயின்ஸ், சோசியல், தமிழ் இலக்கணம் இதுக்கெல்லாம் அருமையா ஒத்து வரும். கணக்குல ஸ்டெப் பார்க்கணும்னா உதவாது, அதுக்கு பழையபடி நோட்டு திருத்துறதுதான்.